குறை தெரிவது வேர்நுனியில், தொடங்குவது வாசலில்

ரூட் கனால் சிகிச்சை பழகும் மாணவரின் வேலை கடைசி எக்ஸ்ரே படத்தில்தான் மதிப்பிடப்படுகிறது. வேர்க்கால்வாய்க்குள் அடைத்த கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருள் அதில் வெள்ளைக் கோடாகத் தெரியும். கோடு வேர்நுனிக்கு 3 மில்லிமீற்றர் முன்னாலேயே நின்றுவிட்டால் கட்டை. நுனியைத் தாண்டிப் போனால் நீளம். நடுவில் கறுப்பாகத் திட்டுத்திட்டாக இருந்தால் இடைவெளி. படத்தைப் பார்த்த மாணவர், தான் அடைத்த விதம் சரியில்லை என்று எடுத்துக்கொள்வார். அடுத்த பல்லில் அடைக்கும்போது இன்னும் கவனமாக இருப்பார். அதே பிழை திரும்பவும் வரும். கோடு கட்டையாக நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் அடைத்த நேரத்தில் இல்லை. பல்லின் உச்சியில் பர், அதாவது துளைக்கும் முனை வைத்த முதல் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பல் மருத்துவத்துக்குத் தெரிவாகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் காலங்காலமாகப் பேராதனைக்குப் போனவர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் உண்டு, பல் மருத்துவம் இல்லை. முதலில் செயற்கைக் கால்வாய் உள்ள பிசின் கட்டையிலும் பிடுங்கிய பற்களிலும் பழகுவார்கள், பிறகு மேற்பார்வையோடு நோயாளியில் செய்வார்கள். எந்தப் பல் மருத்துவ பீடத்திலும் ஒழுங்கு இதுதான். பிடுங்கிய பல் என்று கைக்கு இலகுவாகக் கிடைப்பது, பல் வரிசையை நேராக்கக் கழற்றிய பதின்ம வயதுப் பிள்ளைகளின் முன்கடைவாய்ப் பற்கள். அவற்றில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல்கூழ் அறை விசாலமானது, கால்வாய் அகலமானது. கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ வேலைக்கு வந்த பிறகு கதிரையில் வந்து இருப்பவர், நாற்பது வருடம் வெற்றிலையும் பாக்கும் போட்ட அறுபது வயது மனிதர். அவருடைய பல் வேறு மாதிரி. மாணவர் விடும் பிழைகளைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசத்திலிருந்து தொடங்குவது நல்லது.

சிகிச்சையின் படிகள் அதிகமில்லை. பல்லின் மேற்புறத்தில் வாசல் திறந்து பல்கூழ் அறையை அடைவது, கால்வாய் வாய்களைக் கண்டுபிடிப்பது, நீளம் அளப்பது, ஃபைல் எனும் ஊசி போன்ற அரங்களால் கால்வாயை அகலப்படுத்துவது, மருந்து நீரால் கழுவுவது, அடைப்பது, மேலே நிரந்தரமாக மூடுவது. ஒவ்வொரு படியும் முந்திய படியின் கடனைச் சுமந்துகொண்டுதான் வரும்.

கீழ் முதலாம் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வோம். முழுமையான, தேயாத பல்லில் முகட்டு நுனியிலிருந்து பல்கூழ் அறையின் கூரை வரை சுமார் 6 மில்லிமீற்றர். கூரையிலிருந்து தரை வரை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர். தரையிலிருந்து வேர்கள் பிரியும் கவட்டுக்குச் சுமார் 3 மில்லிமீற்றர். அறையின் உயரமே இவ்வளவுதான் என்பதை மாணவர் பலர் மனதில் பதிப்பதில்லை. கூரை உடையும்போது பர் சட்டென்று உள்ளே விழும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இளம் பல்லில் அது நடக்கும். பாக்குக் கடித்துத் தேய்ந்த பல்லில் நடக்காது. முகடு 2 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் கூரை 4 மில்லிமீற்றரிலேயே இருக்கும். அத்தோடு அந்தத் தேய்வுக்கு ஈடாகப் பல் உள்ளே எனாமலுக்கு அடியிலுள்ள பொருளான டென்டினைப் புதிதாகப் போட்டுப் போட்டு, அறை ஒரு கீற்றளவுக்குச் சுருங்கியிருக்கும். விழும், விழும் என்று காத்துக்கொண்டு பர்ரை அழுத்தும் மாணவர், கூரையும் தரையும் கடந்து கவட்டுக்குள் இறங்கிவிடுவார். திடீரென இரத்தம் நிறைவதும், விறைப்பு ஊசி போட்டிருந்தும் நோயாளி துடிப்பதும் அதன் அறிகுறிகள்.

தடுப்பது பெரிய வித்தையில்லை. தொடங்குமுன் எக்ஸ்ரே படத்தின் மேல் பர்ரைப் பிடித்துப் பார்த்து, கூரையின் ஆழத்தைப் பர்ரின் தண்டில் பேனையால் குறித்துக்கொள்ள வேண்டும். குறி வந்தும் அறை கிடைக்கவில்லை என்றால் நிறுத்தி, பர் வைத்த இடத்தோடு இன்னொரு படம் எடுக்க வேண்டும். கிராஸ்னர், ராங்கோ என்ற இருவர் 2004இல் 500 பற்களின் அறைத் தரையை ஆராய்ந்து சொன்ன விதிகள் இங்கே மிகவும் உதவும். எனாமலும் வேர்ப்பூச்சும் சந்திக்கும் கழுத்து மட்டத்தில் அறை எப்போதும் பல்லின் நடுவில்தான் இருக்கும். தரை சுற்றுச் சுவரை விடக் கறுப்பு. கால்வாய் வாய்கள் தரையும் சுவரும் சந்திக்கும் கோட்டிலேயே இருக்கும். பல்லின் தலை தேய்ந்தாலும் சொத்தையில் கரைந்தாலும் கழுத்து தன் இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே தலையைப் பார்த்துத் துளைக்காமல் கழுத்தைப் பார்த்துத் துளைக்க வேண்டும்.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல் வலித்தால் கழற்றிவிடுவது பழக்கம். இரண்டாம் முன்கடைவாய்ப்பல் பத்து வருடத்துக்கு முன்னரே போயிருந்தால் பின்னாலிருக்கும் கடைவாய்ப்பல் அந்த இடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். தலையின் மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பர் வைத்தால் அது வேரின் அச்சில் போகாது, பக்கச் சுவரைத் துளைக்கும். ரப்பர் டாம், அதாவது சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு, போட்ட பிறகு சாய்வு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஒற்றைப் பல் மட்டும் விரிப்பிலிருந்து எட்டிப் பார்க்கும், அயல் பற்களோ வேரின் மேடோ தெரியாது. சாய்ந்த பல்லில் வாசலை ரப்பர் டாம் இல்லாமல் திறந்து, அறையைக் கண்டுபிடித்த பின் அதைப் போடுவது குற்றமில்லை. ஃபைல் ஒன்றாவது உள்ளே போகுமுன் போட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் அறிமுகப்படுத்திய இந்த ரப்பர்த் துண்டைத் தவிர்க்க மாணவர் சொல்லாத சாக்கு இல்லை. நோயாளி ஃபைலை விழுங்கிவிட்டால் எந்தச் சாக்கும் உதவாது.

துளை விழுமோ என்ற பயத்தில் எதிர்ப்பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். வாசலைச் சின்னதாக வைத்துக்கொள்வார்கள். கூரை முழுவதையும் எடுக்காமல் பல்கூழின் கொம்புகள், அதாவது அது மேல்நோக்கி நீட்டும் முனைகள் இருந்த இரண்டு மூன்று இடங்களை மட்டும் திறந்துவிட்டு, அவற்றையே கால்வாய் வாய் என்று நம்பி ஃபைலை நுழைப்பார்கள். தரை என்று நினைத்தது வெளிறிய நிறத்தில் இருந்தால் அது தரையல்ல, இன்னும் எடுக்காத கூரை. இப்படி ஒடுங்கிய வாசலால் நுழைந்த ஃபைல் வாசல் விளிம்பிலேயே ஒரு தரம் வளைந்துவிடும். கால்வாய்க்குள் வரும் இயற்கை வளைவு அதற்கு இரண்டாவது வளைவு. மேலே சொன்ன கட்டைக் கோட்டின் கதை இங்கேதான் ஆரம்பம்.

மற்றப் பற்களில் வாசல் பிழைகள் வேறு. மேல் வெட்டும்பல்லில் பர் உதட்டுப் பக்கமாகப் போய்க் கழுத்தருகே துளைக்கும். கொம்புகளைச் சுத்தம் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் பல் கறுக்கும். மேல் முதலாம் முன்கடைவாய்ப்பல்லின் முன்பக்கக் கழுத்தில் ஒரு குழிவு உண்டு, அந்தப் பக்கம் அகலப்படுத்தினால் ஓட்டை. கீழ் வெட்டும்பற்களில் பத்தில் நான்கு அளவுக்கு நாக்குப் பக்கம் இரண்டாவது கால்வாய் இருக்கிறது, வாசலை நாக்குப் பக்கம் போதியளவு நீட்டாதவருக்கு அது தெரியாது. மேல் முதலாம் கடைவாய்ப்பல்லின் முன்கன்ன வேரில் இரண்டாவது கால்வாய் இருப்பதே வழமை. இல்லை என்று தேடி உறுதி செய்யும் வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

நீளம் அளப்பதில் வரும் பிழைகள் சின்னவை, ஆனால் கூட்டிக்கொண்டே போகும். வேலை நீளம் என்பது படத்தில் தெரியும் வேர்நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீற்றர் உள்ளே முடிய வேண்டும். மாணவர் அளவுக்குறியாக எடுத்த முகடு சொத்தையால் பலவீனமானதாக இருந்து, அடுத்த தவணைக்குள் உடைந்துவிட்டால் எழுதி வைத்த 20 மில்லிமீற்றர் பொய்யாகிவிடும். ஃபைலில் நீளத்தைக் குறிக்கும் ரப்பர் நிறுத்தி சரிந்திருந்தால் ஒரு மில்லிமீற்றர் போய்விடும். மிக மெல்லிய 10 இலக்க ஃபைலை வைத்து எக்ஸ்ரே எடுத்தால் அதன் நுனி படத்தில் மங்கித் தெரியாது, குறைந்தது 15 வேண்டும். வேர்நுனியை மின்னால் கண்டறியும் ஏபெக்ஸ் லொகேட்டர் கருவி 1962இல் சுனாடா வெளியிட்ட மின்தடை அளவீட்டிலிருந்து வளர்ந்தது. நல்ல கருவி. ஆனால் அறை நிறைய மருந்து நீர் தேங்கியிருக்கும்போதோ, ஃபைல் பழைய வெள்ளி அடைப்பில் தொடும்போதோ அது நுனி வந்துவிட்டது என்று முந்திக் கத்தும். வாசலில் இருக்கும்போதே நுனி என்று காட்டினால் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். வளைந்த கால்வாயின் மேற்பகுதியை அகலப்படுத்திய பின் ஃபைல் போகும் பாதை நேராகி நீளம் அரை மில்லிமீற்றர், சில வேளை அதற்கு மேலும் குறையும். ஆகவே மேற்பகுதியை அகலப்படுத்திய பின் நீளத்தைத் திரும்ப அளக்காதவர் நுனியைத் தாண்டி வெட்டுவார்.

இனி ஃபைல். மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில் நீளமான பஸ் ஒன்றை ஓட்டிப் பார்த்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வளையாத உடம்பின் முன்முனை வளைவின் வெளிப்பக்கத்தையே உரசப் பார்க்கும். துருப்பிடிக்காத உருக்கு ஃபைலும் அப்படித்தான். அது நேராக நிமிரப் பார்க்கும். நுனி, வளைவின் வெளிச் சுவரில் குத்தி அங்கேயே ஒரு படியை வெட்டும். லெட்ஜ் என்று சொல்வது இந்தப் படியைத்தான். அதற்குப் பிறகு எந்த ஃபைலை விட்டாலும் அந்தப் படியில் போய் நிற்கும்.

எந்த இலக்கத்தில் இது நடக்கிறது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 10 இலக்க ஃபைலின் நுனி விட்டம் 0.10 மில்லிமீற்றர், 15இல் 0.15. பார்க்க அற்பம், ஆனால் ஒரே தாவலில் 50 சதவீதம் பருமன் கூடுகிறது. 15இலிருந்து 20க்கு 33 சதவீதம், 20இலிருந்து 25க்கு 25 சதவீதம். அதாவது மிக ஒடுங்கிய இடத்தில்தான் மிகப் பெரிய தாவல். 10 தளர்வாக ஆடுமுன் 15ஐத் திணிக்கும் மாணவர் அங்கே மாட்டிக்கொள்கிறார். 12 இலக்க இடை ஃபைல் கிடைத்தால் பயன்படுத்தலாம். கிடைக்காவிட்டால் 10ஐயே எவ்விதத் தடையும் இல்லாமல் முழு நீளத்துக்கும் போய்வரும் வரை வேலை செய்ய வைக்க வேண்டும். அடுத்த தொல்லை 25இல். 20 வரை ஓரளவு வளைந்து கொடுத்த உருக்கு, 25இலிருந்து விறைத்துவிடும். வளைந்த வேரில் அதற்கு மேல் நிக்கல் டைட்டேனியம் ஃபைலுக்கு மாறுவதே புத்தி.

ஒவ்வொரு உருக்கு ஃபைலின் கடைசி 3, 4 மில்லிமீற்றரையும் உள்ளே விடுமுன் மெதுவாக வளைத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் நிறுத்தியின் கூர்ப்பக்கம் அந்த வளைவு எந்தத் திசையில் என்பதைக் காட்ட வேண்டும். 1971இல் ஷ்னைடர் வகுத்த அளவின்படி 5 பாகை வரை நேர்க் கால்வாய், 10 முதல் 20 வரை மிதமான வளைவு, 25க்கு மேல் கடும் வளைவு. 25க்கு மேல் போன பல்லை மூன்றாம் வருட மாணவரிடம் கொடுப்பதை நாங்கள் ஏற்பதில்லை. அதோடு எக்ஸ்ரே படம் ஒரு தளத்தைத்தான் காட்டும். கன்னத்தை நோக்கியோ நாக்கை நோக்கியோ வளையும் வேர் படத்தில் நேராகவே தெரியும்.

படி விழுந்ததை விரல் உணரும். ஃபைல் இறுகிப் பிடிபடாமல் ஒரே நீளத்தில் டக்கென்று கல்லில் மோதியது போல் நிற்கும். உணர்ந்தும் மாணவர் செய்வது இன்னும் அழுத்துவது, அல்லது இன்னும் பெரிய ஃபைலைத் தேடுவது. படி அகலமாகும், ஒருநாள் ஓட்டையும் ஆகும். செய்ய வேண்டியது நேர்மாறு. நிறைய மருந்து நீர் விட்டு, 8 அல்லது 10 இலக்கப் புது ஃபைலின் நுனி 2 மில்லிமீற்றரைச் சற்றுக் கூர்மையாக வளைத்து, வளைவின் உட்சுவரைத் தடவித் தடவி இறக்க வேண்டும். படியைத் தாண்டி இறங்கியதும் வெளியே எடுக்காமல் ஓரிரு மில்லிமீற்றர் மேலும் கீழும் மட்டும் ஆட்டி வழியை மழமழப்பாக்க வேண்டும்.

படி போலவே தோன்றி வேறாக இருப்பது டென்டின் சேறு. வெட்டிய தூள் நுனியில் அடைந்து கட்டியாகிவிடும். அதுவும் கோட்டைக் கட்டையாக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பின்னால் குறைந்தது 2 மில்லிலீற்றர் கழுவி, 10ஐ முழு நீளத்துக்கு ஒரு தரம் விட்டு எடுத்து, மறுபடி கழுவினால் சேறு தங்காது. நேரம் போகிறது என்று மாணவர் முதலில் விட்டுவிடுவது இந்தக் கழுவலைத்தான். பிசின் கட்டையில் பழகியவருக்கு இது இன்னும் பிடிபடாது. பிசின் டென்டினை விட மென்மையானது, தூளும் வேறு மாதிரி. கட்டை கண்ணாடி போல இருப்பதால் ஃபைல் போகும் பாதையைக் கண் பார்த்துக்கொண்டிருக்கும், விரல் எதையும் கற்காது. கட்டையைக் கறுப்பு நாடா சுற்றி மறைத்துப் பழகக் கொடுத்தால் இதில் பாதி தீரும்.

கால்வாயின் மேற்பகுதியை அகலப்படுத்தும் சுழல் கருவியான கேட்ஸ் கிளிடன் பற்றிச் சுருக்கமாக. கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் கவட்டுப் பக்கச் சுவர் மெல்லியது, ஒரு மில்லிமீற்றரளவு அல்லது அதற்கும் குறைவு. 3 இலக்கத்தின் விட்டம் 0.9 மில்லிமீற்றர். அதை அந்தப் பக்கம் சாய்த்து இறக்கினால் சுவர் நீளவாக்கில் கிழிந்துவிடும். உலர்த்தும் காகிதக் கூம்பின் நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் இரத்தக் கோடு தெரிந்தால் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பக்கம், அதாவது வேரின் முன்சுவரை நோக்கி அழுத்தி மேலிழுக்க வேண்டும், 2க்கு மேல் அந்த வேரில் போகாமலிருப்பது நல்லது. ஓட்டை எங்கே விழுந்தாலும் அதே நாளில் எம்.ரி.ஏ. என்ற சிமெந்து வைத்து மூடினால் பல் தப்ப நல்ல வாய்ப்பு உண்டு. 1993இல் இந்தப் பொருள் பற்றிய ஆய்வு வெளிவருமுன் கவட்டு ஓட்டை விழுந்த பல்லைப் பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டியிருந்தது. இரண்டு கிழமை திறந்து கிடந்த ஓட்டைக்கு எம்.ரி.ஏ.யும் பெரிதாக உதவாது.

கழுவும் மருந்து நீரான சோடியம் ஹைப்போகுளோரைட்டு முதலாம் உலகப் போரில் ஹென்றி டேக்கின் காயம் கழுவ 0.5 சதவீதத்தில் பயன்படுத்திய அதே பொருள். பல்லுக்குள் 5.25 வரை போகிறார்கள். மாணவருக்கு 1 முதல் 2.5 போதும், அளவைக் கூட்டிக் கழுவுவதே வீரியத்தைக் கூட்டுவதை விடப் பாதுகாப்பு. வெப்பமும் வெளிச்சமும் அதைக் கெடுக்கும். சித்திரை, வைகாசியில் மட்டக்களப்பு வெயிலில் ஜன்னலோரம் தெளிவான போத்தலில் வைத்த திரவம் கொஞ்ச நாளில் வீரியம் இறங்கி வெறும் உப்புத்தண்ணீரை நோக்கிப் போகும். கறுத்த போத்தலில், குளிரான இடத்தில், திறந்த திகதி எழுதி வைக்க வேண்டும். ஊசி பக்கத்துளை உள்ள 30 கேஜாக இருக்கட்டும், வேலை நீளத்துக்கு 2 மில்லிமீற்றர் மேலே நிற்கட்டும், சுவரில் இறுகாமல் ஆடிக்கொண்டே இருக்கட்டும். பெருவிரலால் அமுக்காமல் ஆட்காட்டி விரலால் அமுக்கினால் வேகம் தானாகக் குறையும். நுனியைத் தாண்டிப் போனால் கடும் வலி, நிமிடங்களில் வீக்கம், கால்வாயால் இரத்தம். உடனே நிறுத்தி, இரத்தம் வடிய விட்டு, வலி நிவாரணி கொடுத்து, முதல் நாள் குளிர் ஒத்தடம் வைத்துக் கண்காணிக்க வேண்டும். கண்ணையோ தொண்டையையோ நோக்கி வீக்கம் பரவினால் வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும். கடைசியில், சுவரில் ஒட்டிய வெட்டுத்தூளைக் கரைக்கும் 17 சதவீத ஈ.டி.ரி.ஏ. ஒரு நிமிடம். ஹைப்போகுளோரைட்டுக்குப் பின்னால் நேரே குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினியை விட்டால் பழுப்புநிறப் படிவு கால்வாயை அடைக்கும், இடையில் சேலைன் கழுவல் வேண்டும்.

ஃபைல் முறிவது மாணவர் மிகவும் பயப்படும் பிழை. உண்மையில் ஓட்டையும் லெட்ஜும் அதை விட மோசமாகப் பல்லைக் கெடுக்கின்றன. முறுக்கிச் செய்த வகையான உருக்கு கே ஃபைல் முறியுமுன் சொல்லிவிட்டுத்தான் முறியும். முறுக்கு ஓரிடத்தில் அவிழ்ந்து பளபளக்கும், ஒவ்வொரு தரமும் வெளியே எடுத்துத் துடைத்துப் பார்ப்பவருக்கு அது தெரியும். 6, 8, 10 இலக்கங்கள் ஒரு நோயாளியோடு சரி. எச் ஃபைல் என்ற இன்னொரு வகையை இழுக்க மட்டும்தான் வேண்டும், சுழற்றினால் போய்விடும். நிக்கல் டைட்டேனியம் முன்கூட்டிச் சொல்வதில்லை. வளைவுக்குள் அதை ஒரே இடத்தில் சுழல விட்டால் களைத்து முறியும், நுனி இறுகிப் பின்பகுதி சுற்றினால் முறுக்கி முறியும். முறிந்த துண்டைப் பக்கத்தால் கடந்து போக முடிந்தால் போகலாம். நுனிப் பகுதியில் ஆழமாகக் கிடந்தால், தோண்டி எடுக்கப்போய் வேரைப் பலவீனப்படுத்துவதை விட அப்படியே விட்டு மற்றதை ஒழுங்காகச் சுத்தம் செய்து அடைப்பது பல சமயங்களில் நல்லது.

வெற்றிலைப் பாக்கு இன்னொரு வழியாலும் குறுக்கே வரும். பாக்கினால் வாயின் உட்தோல் நாராகி இறுகும் நோய் உள்ளவருக்கு வாய் முழுதாகத் திறக்காது. மூன்று விரல் நிமிர்ந்து நுழைய வேண்டிய இடத்தில் இரண்டு விரலே கஷ்டம் என்றால் 25 மில்லிமீற்றர் ஃபைலைக் கடைவாய்ப்பல்லுக்கு மேல் நிமிர்த்தவே முடியாது. ஃபைல் சரிந்தே நுழையும், மேலே சொன்ன எல்லாப் பிழையும் வரிசையில் வரும். 21 மில்லிமீற்றர் ஃபைலால் சில வேளை சமாளிக்கலாம். ஆனால் பல்லைத் தொடுமுன் விரலை வைத்து வாயை அளந்து, இது நம் கைக்கு மேல் என்று சொல்லத் தெரிவதும் பயிற்சிதான். வாய் இறுகியவரை, பல்லை விட்டாலும், அந்த நோய்க்காகக் கட்டாயம் அனுப்பிக் காட்ட வேண்டும். அது புற்றாக மாறக்கூடியது.

அடைப்பதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் மீதி. முதலில் வைக்கும் கட்டாபெர்ச்சாக் கூம்பான முதன்மைக் கூம்பு வேலை நீளத்தில் இறுகிப் பிடித்து, இழுத்தால் இலேசாகத் தடுக்க வேண்டும். கூம்புகளைப் பக்கவாட்டில் நெருக்கும் ஸ்பிரெடர் அந்த நீளத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் குறைவாக உள்ள இடம் வரை இறங்க வேண்டும், இறங்காவிட்டால் மேலே நெருக்கமாகவும் நுனியில் ஒற்றைக் கூம்பும் இடைவெளி நிரப்பும் பசையான சீலருமாகவும் முடியும். தற்காலிக அடைப்பு 4 மில்லிமீற்றர் தடிப்பு இல்லாவிட்டால் எச்சில் கசியும். வலி போய்விட்டதால் நோயாளி அடுத்த தவணைக்கு வருவதில்லை, வேளாண்மை வெட்டுக் காலத்தில் சொல்லவே வேண்டாம். மேலே நிரந்தர மூடி போடாத கடைவாய்ப்பல் சில மாதத்தில் பிளந்து, எல்லாம் சரியாகச் செய்தும் கழற்ற வேண்டி வரும்.

கடைசிப் படத்துக்கு மட்டும் புள்ளி போடும் முறையில் எங்களுக்கு உடன்பாடில்லை. வாசல் திறந்ததும் ஒரு கையெழுத்து, நீளப் படத்துக்கு ஒன்று, முதன்மைக் கூம்புப் படத்துக்கு ஒன்று என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் படியும் ஓட்டையும் திருத்தக்கூடிய நேரத்திலேயே பிடிபடும். முறிந்ததை மறைக்கும் ஆசையும் குறையும். "ஏன் மனே, உள்ளுக்கு ஊசி முறிஞ்சிட்டா?" என்று நோயாளி கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும். என்ன முறிந்தது, எங்கே இருக்கிறது, அதனால் என்ன ஆகலாம், எப்போது வந்து காட்ட வேண்டும் என்று அவர் மொழியில் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

சொன்னதை எழுதியும் கொடுக்க வேண்டும். கண்டியிலோ கொழும்பிலோ, கட்டாரிலோ பாதி செய்துகொண்டு ஊருக்கு வந்தவரின் பல்லைத் திறக்கும் மட்டக்களப்பு வைத்தியர் அறிய வேண்டியவை இவை: எந்தப் பல், எத்தனை கால்வாய் கண்டுபிடிக்கப்பட்டது, ஒவ்வொன்றின் வேலை நீளமும் எந்த முகட்டிலிருந்து அளந்தது என்பதும், எந்த இலக்கம் வரை அகலப்படுத்தியது, உள்ளே வைத்த மருந்து, படியோ ஓட்டையோ இருந்தால் எத்தனை மில்லிமீற்றரில் எந்தச் சுவரில், முறிந்த ஃபைல் என்றால் அதன் வகை, இலக்கம், துண்டின் நீளம், நோயாளிக்குச் சொன்ன திகதி. அரைப் பக்கம் போதும். எக்ஸ்ரே படத்தின் பிரதியையும் அதே உறையில் வைத்து நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடலாம்.